பயத்துக்கு முப்பது நிமிடம்

என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் சத்யா, இதை எழுதித் தரச் சொல்லிப் பல வாரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். புரோகிராம் எப்படி வேலை செய்கிறது, எந்த இடத்தில் எதைத் தொடக் கூடாது என்று இரண்டு பக்கக் குறிப்பு போதும் என்றாள். போன மார்கழியில் நடந்ததற்குப் பிறகு என்னால் வெறும் குறிப்பு எழுத முடியவில்லை. அந்த மத்தியானத்தை நினைத்தால் இன்னும் பயமாக இருக்கிறது. அதே நேரம், அடுப்படியில் தனியாக நின்று சிரித்துக்கொண்டும் இருக்கிறேன். என் வீட்டுக்காரர் எஸ்டேட்டிலிருந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்.

ஏற்காட்டில் ரயில் கிடையாது. ரயில் வேண்டுமென்றால் கொண்டை ஊசி வளைவுகள் அத்தனையும் இறங்கி, அடிவாரம் தாண்டி, ஊருக்குள் புகுந்து, சேலம் ஜங்ஷனுக்குப் போக வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் ரயில் நிலையத்தின் நிலவரம் சொல்லும் கம்ப்யூட்டர் புரோகிராம் ஒன்றை எழுதி, அதைப் பராமரித்தே என் வேலைக்காலம் முழுவதையும் கழித்தேன். வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் கடல் இல்லாத ஊரில் கலங்கரை விளக்கம் காத்தவளைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள்.

நான் படித்தது கணிதம். பிறகு சேலத்தில் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பு. திருமணமாகி மலைக்கு வந்தபின் பஸ் நிலையத்துப் பக்கம் பிள்ளைகளுக்கு டைப்பிங் சொல்லிக்கொடுத்தேன். அங்கிருந்துதான் கரீம் பாய் என்னைக் கூப்பிட்டார். ஏரிக்குப் போகும் வழியில் டிராவல்ஸ் வைத்திருந்தவர். ஜீப், டாக்சி, ரயில் டிக்கெட், ஓட்டல் அறை எல்லாம் அவர் கடையில் கிடைக்கும். அவருக்கு ஒரே தலைவலி இருந்தது. ரயில் எப்போது வருகிறது என்று இங்கே யாரும் கேட்பதில்லை. "எப்பங்க எறங்கோணும்?" என்றுதான் கேட்பார்கள். ரயில் தாமதமா, மலையில் மூட்டமா, சனிக்கிழமைக் கூட்டமா எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து இறங்க வேண்டிய நேரத்தைச் சொல்வது அவர் பாடு. நாள் முழுக்கத் தொலைபேசி அவர் காதிலேயே இருக்கும்.

"இந்தக் கணக்க ஒரு பொட்டிக்குள்ள போட முடியுமா கண்ணு?" என்று கேட்டார். முடியும் என்றேன். எனக்கே தெரியாது. தெரியாததால்தான் அவ்வளவு சுலபமாகச் சொன்னேன்.

புரோகிராம் செய்வது இவ்வளவுதான். சில நிமிடத்துக்கு ஒருமுறை, ரயில் நிலவரம் சொல்லும் பொதுப் பக்கத்தை இணையத்தில் திறக்கும். சேலம் ஜங்ஷன் வரிகளை மட்டும் பொறுக்கும். எந்த வண்டி, எத்தனை மணிக்கு, எந்த பிளாட்பாரம், தாமதம் உண்டா என்று எடுத்துக்கொள்ளும். மலைப்பாதை எப்படி இருக்கிறது என்று எங்கள் டிரைவர்கள் அடிவாரத்திலிருந்தும் வழியிலிருந்தும் போன் செய்து சொல்வார்கள். அதை நாங்கள் ஒரு மூலையில் அடிப்போம். இரண்டையும் சேர்த்து, ஒவ்வொரு வண்டிக்கும் எதிரே இறங்க வேண்டிய நேரம் பெரிய எழுத்தில் வரும். இன்று எல்லார் கையிலும் போன் இருக்கிறது. ரயில் எங்கே வருகிறது என்று அது சொல்லிவிடும். எங்கள் வளைவில் மூட்டம் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. அதனால்தான் ஓட்டல் வரவேற்பிலும், எஸ்டேட் ஆபீசிலும், ஜீப் ஸ்டாண்டிலும் எங்கள் திரை இன்னும் ஓடுகிறது.

கரீம் பாயின் கீழ் வேலை செய்வதைப் பற்றிச் சத்யாவுக்குச் சொல்ல வேண்டும். அவள் பார்ப்பது வயதான பாயை. நான் பார்த்தவர் குரலை உயர்த்தவே மாட்டார். ஆனால் ஒரு வேலையை முடித்தேன் என்று சொல்லவும் விட மாட்டார். திரைக்குப் பக்கத்தில் வந்து பார்க்கும் பழக்கமே அவருக்குக் கிடையாது. வாசற்படிக்குப் போய், வெளியே நிற்கும் வாடிக்கையாளர் போல நின்றுகொண்டு பார்ப்பார். ஒருநாள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். ஒருநாள் மழையில் குடையோடு நின்று பார்த்தார். இன்னொரு நாள் தோள் துண்டைச் சுருட்டிக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு வந்தார். அதைத் தட்டிக்கொடுத்தபடியே திரையைப் பார்த்து நின்றவர், தலையை ஆட்டினார்.

"இந்தப் புள்ள ஒரு தடவ அழுது முடிக்கறதுக்குள்ள எனக்கு வெவரம் தெரியோணும் கண்ணு. நீ பாடப்புத்தகம் மாதிரி எழுதி வெச்சிருக்கற."

நான் திரையில் இருந்த பத்து விவரத்தை மூன்றாகக் குறைத்தேன். அதற்கும் துண்டுக்குழந்தை அழுதது. கடைசியில் அவரே மூன்று சொல் கொடுத்தார். நேரம் இருந்தால் பச்சையில் 'இருங்க'. நேரம் வந்துவிட்டால் மஞ்சளில் 'கிளம்புங்க'. தாண்டிவிட்டால் சிவப்பில் 'போச்சுங்க'. எனக்கு அந்த மூன்றாவது சொல் பிடிக்கவில்லை. வாடிக்கையாளர் மனம் நோகாதா என்று கேட்டேன். வண்டி போனதைவிடவா இந்தச் சொல் நோகடிக்கும் என்றார்.

பராமரிப்பு என்று ஒன்று இருக்கிறதே, அதை யாரும் பாடத்தில் சொல்லித்தருவதில்லை. அந்த இணையப் பக்கம் ஒரு காலையில் வேறு உருவத்தில் நிற்கும்; நேரம் இருந்த இடத்தில் பிளாட்பாரம் இருக்கும். எங்கள் புரோகிராம் அதை அப்படியே நம்பி, எல்லா வண்டிகளும் நான்கு மணிக்கோ ஐந்து மணிக்கோ வருகின்றன என்று சொல்லும். நான் அதைத் திருத்தி, பென் டிரைவில் போட்டுக்கொண்டு, மஞ்சக்குட்டை பஸ்ஸைப் பிடித்து ஓட்டல் ஓட்டலாக, எஸ்டேட் எஸ்டேட்டாக ஏறி இறங்குவேன். ஒருமுறை குரங்குகள் கூரைமேல் போன இணையக் கம்பியைப் பிய்த்துவிட்டன. எங்களுக்குத் தெரியவில்லை. திரை மட்டும் கடைசியாகக் கேட்ட செய்தியையே காட்டிக்கொண்டிருந்தது. காலையில் வந்த ஒரு வண்டி, விளக்கு வைக்கும் நேரம்வரை பிளாட்பாரத்தில் நின்றது.

"அந்த வண்டி அங்கயே குடியிருக்குதா கண்ணு?" என்று கரீம் பாய் கேட்ட பிறகுதான் கவனித்தேன். அன்றிலிருந்து செய்தி பழசானால் அந்த வரி நரைத்துவிடும்படி செய்தேன். சாம்பல் நிறத்தில் தெரிந்தால் நம்பாதே என்று அர்த்தம்.

இனி அந்த முப்பது நிமிடத்துக்கு வருகிறேன்.

வடக்கே எங்கிருந்தோ தேனிலவுக்கு வந்த ஜோடி ஒன்று. எங்கள் திரை சொன்ன நேரத்துக்குத்தான் இறங்கினார்கள். வழியில் டயர் பஞ்சர். வண்டி போய்விட்டது. மாப்பிள்ளை திரும்பி வந்து மேசையைத் தட்டித் தட்டிச் சண்டை போட்டார். மணப்பெண் வாசலில் பெட்டிமேல் உட்கார்ந்து மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு இன்னொரு நாள் கிடைக்கும் என்ற சந்தோஷம். கரீம் பாய் தானே காரை எடுத்து, அவர்களை அடுத்த வண்டி கிடைக்கும் ஊர்வரை கொண்டுபோய் ஏற்றிவிட்டு வந்தார். வந்ததும் என் காதருகில் சொன்னார்:

"அர மணி சேத்துரு கண்ணு. யாருகிட்டயும் சொல்லாத."

சேர்த்தேன். எல்லாக் கணக்கும் முடிந்தபின் கடைசியில், இறங்கும் நேரத்தை முப்பது நிமிடம் முன்னதாகக் காட்டும் ஒரு வரி. அந்த எண்ணுக்கு ஒரு பெயர் வைக்க வேண்டுமே. பயம் என்று வைத்தேன். என் மகள் கயல் அப்போது மூன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடம் கூப்பிடு தூரத்தில் இருந்தும், அவளை மணியடிக்க வெகு நேரம் முன்பே கூட்டிக்கொண்டுபோய் வாட்ச்மேனோடு நிற்பவள் நான். அந்தப் பெயரை நான் வேறெங்கும் தேட வேண்டியிருக்கவில்லை.

நான் மட்டும் சேர்த்திருந்தால் பரவாயில்லை. ஓட்டல் வரவேற்பில் இருந்தவரும் தன் பங்குக்கு ஒரு கால் மணி சேர்த்துச் சொன்னார். ஜீப் ஓட்டிய மாரியப்பன் அதற்குமேல் ஒரு கால் மணி முன்னதாக வந்து ஹாரன் அடித்தார். குடும்பத்துப் பெரியவர்கள் அதற்கும் முன்பே எல்லாரையும் வாசலில் நிறுத்தினார்கள். ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாது. ஒரு அம்மாள் என்னிடம் வந்து, ஜங்ஷனில் காத்திருந்த நேரத்தில் ஸ்வெட்டருக்கு ஒரு கை முழுக்கப் பின்னி முடித்துவிட்டேன் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. இன்னொரு கைக்கு எப்போது டிக்கெட் போடலாம் என்று கேட்டார்.

இப்படியே போயிருக்கும், தலைச்சோலை வெள்ளையன் ஒருநாள் உண்மையைப் போட்டு உடைக்காவிட்டால். அவருக்கு அங்கே காப்பித் தோட்டமும் மிளகுக் கொடியும் கொஞ்சம் உண்டு. திருப்பூரில் இருக்கும் மகனைப் பார்க்க அடிக்கடி ரயிலேறுவார். திரை 'போச்சுங்க' என்று சிவப்பாகக் காட்டிக்கொண்டிருக்கும்போது, அவர் எங்கள் பெஞ்சில் சாவகாசமாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் பதறிப்போய்ச் சொன்னேன். அவர் டம்ளரைக் கீழே வைக்கவில்லை.

"ஏனுங்க, உங்க பொட்டி அர மணி கூட்டித்தானுங்க சொல்லும்? நாங்க கழிச்சுக்குவோம்."

யார் சொன்னது என்று கேட்டேன்.

"யாருங்க சொல்லோணும், போய்ப் போய்ப் பாத்தா தெரியாதுங்களா. ஓட்டல்காரரு சொன்னா முக்கா மணி கழிப்போம். மாரியப்பன் சொன்னா ஒரு மணி கழிப்போம். உங்க பொட்டி சொன்னா அர மணிதானுங்க. பொட்டி கொஞ்சம் யோக்கியமுங்க."

கரீம் பாய் அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை. துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, மலை முழுக்கத் தெரிந்த ரகசியத்தை நாம் இருவர் மட்டும் பூட்டி வைத்திருக்கிறோம் என்றார். எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். எல்லாரும் கழிக்கக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். இப்போது எடுத்தால் அத்தனை பேரும் வண்டியை விடுவார்கள். பின்னாளில் வேலையைக் கைமாற்றியபோது நான் அதைச் சத்யாவிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய நூறு விஷயங்களில் அது கீழே எங்கோ இருந்தது. கண் ஒத்துழைக்காமல் போய், போன வருடம் ஐம்பத்து மூன்றாம் வயதில் நானாக விலகிக்கொண்டேன்.

கயல் அந்த அலுவலகத்தின் மேசைக்கடியில் வளர்ந்தவள். மற்ற பிள்ளைகள் பொம்மை வைத்து விளையாடிய வயதில் இவள் திரையில் வண்டி எண்களைப் படிப்பாள். படிப்பு முடிந்து ரயில்வேத் தேர்வு எழுதி, நிலைய அதிகாரிப் பயிற்சிக்குத் தேர்வானாள். வெளியூரில் பயிற்சிப் பள்ளி. குறித்த நாள் காலையில் நேரில் போய்ச் சேர்ந்தாக வேண்டும். தவறினால் இடம் அடுத்தவருக்கு என்று தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். அதற்கு முந்தைய நாள் மத்தியானம் சேலம் வழியாகப் போகும் வண்டியில்தான் சீட்டு கிடைத்திருந்தது. அதற்குப் பிறகு போகும் எந்த வண்டியில் போனாலும் காலைக்குள் சேர முடியாது.

என் வீட்டுக்காரருக்கு எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கும் காலம். காலையிலேயே மகளுக்கு விபூதி வைத்துவிட்டுக் கொட்டச்சேட்டுக்குப் போய்விட்டார். வீட்டில் நானும் அவளும். எங்கள் வீட்டிலும் அந்தப் புரோகிராம் உண்டு. சத்யா வந்தபின் பென் டிரைவ் எல்லாம் இல்லை. அலுவலகத்தில் மாற்றினால் எல்லா இடத்திலும் தானாக மாறிக்கொள்ளும். நல்ல ஏற்பாடு. நானே பாராட்டியிருக்கிறேன்.

"பன்னெண்டரைக்கு எறங்கச் சொல்லுது கண்ணு" என்றேன்.

"உன் அர மணி அதுக்குள்ள இருக்குதில்லம்மா. ஒரு மணிக்கு எறங்குனாப் போதும். தயிர் சாதத்த நிம்மதியா சாப்புட உடு."

சரி என்றேன். அரை மணி என்னுடையதுதான். அதை அவள் இத்தனை வருடமாகச் சரியாக அளந்து வைத்திருக்கிறாளே என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட. மாரியப்பன் வழக்கம்போல் முன்கூட்டியே ஜீப்போடு வந்து நின்றார். அவரையும் உள்ளே கூப்பிட்டு ஒரு தட்டு போட்டேன். ஜன்னலுக்கு வெளியே சில்வர் ஓக் மரங்கள் இடுப்புக்கு மேல் காணாமல் போயிருந்தன. மார்கழியில் அது புதிதல்ல.

நானும் ஜங்ஷன்வரை வருகிறேன் என்றதற்கு அவள் சம்மதிக்கவில்லை.

"நீ வந்தா பிளாட்பாரத்துல என்னக் கட்டிப் புடிச்சு அழுவ. நாளைக்கு நான் அந்த மாதிரி எடத்துல கொடி புடிச்சு நிக்கப் போறவம்மா. எனக்கு ஒரு மரியாத வேண்டாமா?"

சிரித்துக்கொண்டே ஏறினாள். நான் புளிசாதத்தைத் தூக்குப் பாத்திரத்தில் போட்டு அவள் மடியில் வைத்தேன். ஜீப் மூட்டத்துக்குள் போனது. வீட்டுக்குள் திரும்பிப் போக மனம் வரவில்லை. அப்படியே நடந்து அலுவலகத்துக்குப் போனேன்.

சத்யா என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டாள். கரீம் பாய் வழக்கமான மூலையில் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். நலம் விசாரித்து முடித்தபின் சத்யா சொன்னாள்:

"அக்கா, ஒன்னு கேக்கோணும்னு இருந்தேங்க. கடைசில பயம்னு ஒரு எடத்துல முப்பதுன்னு போட்டிருந்தீங்களே, எதுக்குங்க அது? எந்தக் கணக்குலயும் சேரல. ஓட்டல்ல எல்லாம் நொம்ப நேரம் காத்திருக்கறோம்னு சொல்றாங்க. முந்தாநாள் எடுத்துட்டேனுங்க."

அவள் மிகச் சரியான வேலையைச் செய்திருந்தாள். பன்னிரண்டரை என்பது பன்னிரண்டரையேதான். மூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் உண்மையாகவே அவ்வளவு நேரம் தேவைப்பட்டிருக்கிறது. நானும் என் மகளும் சேர்ந்து, இல்லாத அரை மணியை ஊறுகாயோடு சாப்பிட்டுத் தீர்த்திருக்கிறோம்.

திரையைப் பார்த்தேன். கயலின் வண்டிக்கு எதிரே சிவப்பில் 'போச்சுங்க' என்று நின்றது.

அவள் போனுக்கு அடித்தேன். வளைவுகளில் சிக்னல் இல்லை. மாரியப்பன் போனும் அப்படியே. அடிவாரத்திலிருந்து எங்கள் டிரைவர் ஒருவர் கூப்பிட்டார். சத்யா எடுத்துக் கேட்டாள். அவள் முகத்தைப் பார்த்தே எனக்கு விஷயம் பாதி தெரிந்துவிட்டது. மர லோடு ஏற்றிய லாரி ஒன்று நடுவில் ஒரு வளைவில் திரும்ப முடியாமல் குறுக்கே நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் வரிசை. குப்பனூர் வழியாகச் சுற்றிப் போகலாம் என்றால், அதற்கு மேலேயே திரும்பியிருக்க வேண்டும். ஜீப் அந்த நேரம் பாதி மலை இறங்கியிருக்கும்.

கரீம் பாய் எழுந்து தன் நாற்காலியைத் திருப்பி, திரையைப் பார்க்கும்படி போட்டுக்கொண்டார். அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. பிறகு சத்யாவிடம், மாறும்போதெல்லாம் வாய்விட்டுப் படிக்கச் சொன்னார். யாரோ படகுத்துறைக்கு வழி கேட்டு வந்தார்கள். நாங்கள் மூவரும் பதில் சொல்லாமல் இருந்ததைப் பார்த்து, உள்ளே ஏதோ துக்கம் என்று நினைத்து மெதுவாகப் படியிறங்கிப் போய்விட்டார்கள்.

வண்டி தாமதமாக வரட்டும் என்று அன்று நான் வேண்டிக்கொண்டதுபோல் எந்தப் பயணியும் வேண்டியிருக்க மாட்டார். இத்தனை வருடத்தில் எத்தனையோ வண்டிகளின் தாமதத்தைத் திரையில் ஏற்றியவள் நான். ஒன்றே ஒன்று எனக்கென்று தாமதமாகக் கூடாதா?

"முந்தின ஸ்டேஷன் தாண்டிருச்சுங்க" என்று படித்தாள் சத்யா. கொஞ்ச நேரம் கழித்து, "சேலத்துக்குள்ள நுழையுதுங்க." பிறகு, "நிக்குதுங்க."

அதன்பின் அந்த வரி நரைத்துவிட்டது. செய்தி வரவில்லை. நானே வைத்த சாம்பல் நிறம். அதை நான் என்றும் அவ்வளவு வெறுத்ததில்லை. மறுபடி நரை நீங்கியபோது சத்யா படிக்காமல் என்னைப் பார்த்தாள்.

"படிம்மா" என்றார் கரீம் பாய்.

"பொறப்பட்டுருச்சுங்க."

கயலின் போன் இப்போது மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. சிக்னல் இருக்கிறது என்றால் ஊருக்குள் வந்துவிட்டாள். எடுக்கவில்லை என்றால்? பிளாட்பாரத்தில் பெட்டிமேல் உட்கார்ந்து அழுகிறாளா? ஓடிப்போய் ஏறும்போது ஏதாவது ஆயிற்றா? அதற்குமேல் நினைத்ததை இங்கே எழுத மாட்டேன். பெற்றவர்களுக்குத் தெரியும். சத்யாவின் கை என் தோளில் இருந்தது.

போன் வந்தபோது அதைக் கையிலிருந்து நழுவ விட்டேன். கரீம் பாய் குனிந்து எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். ரயில் சத்தம்தான் முதலில் கேட்டது. ரயில் சத்தம். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"அம்மா, எதுக்கு இத்தன தடவ அடிக்கற? கடைசிப் பொட்டில ஏறிட்டேன். அங்கிருந்து என் சீட்டுக்கு நடந்து வரோணும்ல. ரெண்டு கையிலயும் சாமான்."

எப்படி வந்தாய் என்று கேட்டேன் போலிருக்கிறது. அவள் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னது இது. லாரியைப் பார்த்ததும் மாரியப்பன் இறங்கி முன்னால் போயிருக்கிறார். லாரிக்கு அந்தப் பக்கம், மலையேறி வந்துகொண்டிருந்த டாக்சிகள் நின்றன. முதல் டாக்சி டிரைவர் அவருடைய அக்கா மகன். அதில் ஒரு கணவனும் மனைவியும்; கல்யாண நாளுக்கு ஏற்காட்டுக்கு வந்தவர்கள். மாரியப்பன் அவர்களிடம் விஷயத்தைச் சொல்லி, நீங்கள் இறங்கி நடந்து வந்து என் ஜீப்பில் மேலே போங்கள், இந்தப் பெண் உங்கள் டாக்சியில் கீழே போகட்டும் என்று கேட்டிருக்கிறார். மலையில் வழி அடைத்தால் டிரைவர்கள் இப்படி ஆளை மாற்றிக்கொள்வது உண்டு. வண்டி அங்கங்கே திரும்பும். ஆட்கள் மட்டும் கடப்பார்கள். அவர்கள் உடனே சம்மதித்தார்கள். லாரிக்கும் தடுப்புச் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் நுழையும் இடம்தான் இருந்ததாம். அந்தக் கணவர் கயலின் டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, மரக்கட்டைகளுக்கு அடியில் குனிந்து குனிந்து கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். டாக்சி முன்புறம் திரும்பக்கூட இடமில்லாமல், அகலமான அடுத்த வளைவுவரை பின்பக்கமாகவே இறங்கியதாம்.

"அந்தப் பையன் கழுத்த வெளிய நீட்டிட்டு, பின்னாலயே ஓட்டறான்மா. நான் கண்ண மூடிக்கிட்டேன். ஜங்ஷன்ல போர்ட்டர் ஒருத்தரு பொட்டியப் புடிச்சு உள்ள தள்ளுனாரு. ஏறுனதும் வண்டி நகந்துருச்சு."

சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

"உன் புளிசாதம் ஜீப்லயே மேல போயிருச்சும்மா. அவங்க கேக் பொட்டி எங்கூட வந்துருச்சு. அதுல ரெண்டு பேரு பேரும் எழுதியிருக்குது. பக்கத்து சீட்டுப் பாட்டி, எப்பம்மா கல்யாணம் ஆச்சுன்னு கேக்கறாங்க."

கரீம் பாய் முதலில் சிரித்தார். பிறகு சத்யா. பிறகு நான், சிரிப்பா அழுகையா என்று எனக்கே தெரியாத ஒன்று. பாய் துண்டை என்னிடம் நீட்டினார். அன்று சாயங்காலம் அந்தக் கணவனும் மனைவியும் காலி தூக்குப் பாத்திரத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கே வந்தார்கள். புளிசாதம் ரொம்ப நன்றாக இருந்தது, கல்யாண நாளுக்கு அதுவே போதும் என்றார்கள். அந்தக் கணவர் நெற்றியில் மரக்கட்டை உரசிய சிராய்ப்பு இருந்தது. நான் அவருக்குக் கையெடுத்துக் கும்பிட்டேன். வயதில் என்னைவிட வெகு சின்னவர்; கூச்சப்பட்டுப் பின்வாங்கி, வாசல் நிலையில் மறுபடி இடித்துக்கொண்டார்.

மறுநாள் சத்யா கண் சிவந்து வீட்டுக்கு வந்தாள். அந்த அரை மணியைத் திரும்பப் போட்டுவிடுகிறேன் என்றாள். நான் வேண்டாம் என்றேன். இருவரும் உட்கார்ந்து யோசித்தோம். கரீம் பாயும் வந்து சேர்ந்தார். கடைசியில் ஒரு வழி கண்டோம். இப்போது திரையில் இறங்க வேண்டிய நேரத்துக்குக் கீழேயே அதன் கணக்கும் தெரிகிறது: பாதைக்கு இவ்வளவு, மூட்டத்துக்கு இவ்வளவு, கூட்டத்துக்கு இவ்வளவு. எதிலும் மறைவாக எதுவும் இல்லை. ஓட்டல்களுக்கும் டிரைவர்களுக்கும் நேரில் போய்ச் சொன்னோம். தலைச்சோலை வெள்ளையனுக்கு நானே வாசித்துக் காட்டினேன். அவர் திரையை நெடுநேரம் பார்த்தார்.

"எல்லாம் வெவரமாத்தானுங்க இருக்குது. அப்ப எதுலங்க கழிக்கறது?"

எதிலும் கழிக்க வேண்டாம் என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, திரை சொன்ன நேரத்துக்கே எழுந்து போனார். எனக்கு அது ஒரு பதவி உயர்வு மாதிரி இருந்தது.

பயிற்சிப் பள்ளியில் கயல் காலையிலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். கேக்கில் மீதியை அங்கே பிள்ளைகள் பங்கு போட்டுக்கொண்டார்களாம். பொங்கலுக்கு நான்கு நாள் விடுப்பு என்று சொல்லி டிக்கெட் எடுத்தாள். வரும் அன்று காலையில் வண்டியிலிருந்தே கூப்பிட்டாள்.

"கூட்டிட்டுப் போக எப்பம்மா எறங்கற?"

"பத்தேகாலுக்கு."

"நெசமான நேரமா, உன் நேரமா?"

"நெசமான நேரம். மூட்டம் இல்ல, கூட்டம் கொஞ்சந்தான். வேணும்னா சத்யாவக் கேளு."

அது உண்மை. திரையில் இருந்ததுதான், ஒரு நிமிடம்கூட நான் கூட்டவில்லை. அதைச் சொல்லும்போது நான் ஏற்கெனவே மாரியப்பனின் ஜீப்பில் உட்கார்ந்து அடிவாரம் தாண்டிக்கொண்டிருந்தேன். ஜீப் சத்தம் கேட்காமலிருக்க போனைக் கையால் மூடிக்கொண்டு பேசினேன். மாரியப்பன் எனக்கும் முன்பே கிளம்பி வாசலுக்கு வந்திருந்தவர்.

ஜங்ஷனில் இரண்டு டீ குடித்தேன். வந்த வண்டிகளையெல்லாம் பார்த்தேன். எந்தப் பெட்டி எங்கே நிற்கும் என்று கேட்டு, அந்த இடத்துக்குப் போய் நின்றேன். கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டுமோ என்று நகர்ந்தேன். மறுபடி பழைய இடத்துக்கே வந்தேன். அழக் கூடாது, கட்டிப்பிடிக்கக் கூடாது, அவளுக்கு ஒரு மரியாதை இருக்கிறது என்று சொல்லிக்கொண்டேன்.

வண்டி சரியான நேரத்துக்கு வந்தது. சீக்கிரம் வந்தவள் நான் ஒருத்திதான்.